ஒரு வேம்பும் இரு விண்ணப்பங்களும்

விண்ணப்பம் எழுதுவது எனக்குத் தொழில். இருபத்தைந்து ஆண்டுகளாக மைய அரசின் அலுவலகம் ஒன்றில் எழுத்தனாகப் பணிபுரிகின்றேன். கோப்புகளில் குறிப்பு எழுதுவதும், மேலதிகாரியின் ஒப்புதலுக்கு வரைவு அமைப்பதும், வந்த மடலுக்கு விடை விடுப்பதுமே என் நாள்களை நிரப்பிய வேலைகள். இத்தனை ஆண்டுகளில் நான் எழுதிய ஆயிரக்கணக்கான மடல்களுள் இரண்டை மட்டுமே என்னால் மறக்க முடியவில்லை. ஒன்று ஒரு மரத்தைச் சாகடித்தது. மற்றொன்று பல மரங்களுக்கு மூச்சு விட வழி செய்தது. இவ்விரண்டைப் பற்றியும் நம் சங்கத்து அன்பர்களிடம் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். சுற்றுச்சூழல் பாதுகாப்பைப் பற்றி எழுத நான் அறிவியல் கற்றவனல்லன். ஆயினும் தவறு செய்தவனுக்கும் சொல்வதற்கு ஏதேனும் இருக்கும் அல்லவா?

நான் பிறந்தது இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில். வானம் பார்த்த பூமி. ஊருக்கு ஒரு கண்மாய். கண்மாய்க்குள் தண்ணீரைக் காட்டிலும் சீமைக் கருவேலமே மிகுதி. எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு வேம்பு நின்றது. அம்மை கண்டால் அதன் குழைதான் மருந்து. வெயிற்காலத்தில் அதன் நிழல்தான் கூடம். பாட்டி கண்மூடியதும் அதன் அடியில் கிடந்த கயிற்றுக் கட்டிலில்தான். 1999-ஆம் ஆண்டில் தேர்வாணையத்தின் எழுத்தர் தேர்வில் தேறித் தில்லிக்குப் புறப்பட்ட அன்று அம்மா அந்த வேம்பின் அடியில் நின்றுதான் வழியனுப்பினாள்.

தலைநகரில் என்னை முதலில் வரவேற்றது புகை. அந்நாளில் தில்லிப் பேருந்துகள் டீசலில் ஓடின. காலையில் வெளுத்த சட்டையின் கழுத்துப் பட்டை மாலையில் கரிய கோடாகிவிடும். பேருந்து நிறுத்தத்தில் அரைமணி நின்றால் கண் எரியும். கைக்குட்டையில் மூக்கைத் துடைத்தால் கரி ஒட்டும். என்னுடன் அறையில் தங்கியிருந்த திருநெல்வேலி நண்பர், "ஊருக்குப் பணம் அனுப்புகிறோம், நெஞ்சுக்குள் கரி சேர்க்கிறோம்" என்பார். சிரித்துக்கொள்வோம். அதற்குமேல் அதைப் பற்றி நினைக்கவில்லை. இது நம் ஊரா? பணி முடிந்தால் திரும்பப் போகிறவர்கள்தானே நாம்!

இந்த எண்ணத்தைத்தான் இக்கட்டுரையில் நான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப் போகின்றேன். ஆகவே அன்பர்கள் அதனை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றேன்.

பேருந்துகளின் கதை நல்ல விதமாக மாறியது. 1985-ஆம் ஆண்டில் வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில், 1998 ஜூலையில் உச்சநீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. தில்லியின் பேருந்துகள் அனைத்தும் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும் என்பது அதன் சாரம். 2001 மார்ச்சு இறுதிக்குள் மாற வேண்டும் என்ற கெடு நீண்டது. எரிவாயு நிலையங்களின் முன்னே ஆட்டோக்களும் பேருந்துகளும் மைல் கணக்கில் வரிசை நின்றன. அலுவலகத்துக்குப் போகப் பேருந்தின்றி நாங்கள் நடந்தோம். நீதிமன்றத்தை வைதவர்களுள் நானும் ஒருவன். ஆனால் 2002 டிசம்பர் வந்தபோது நகரத்துக்குள் ஓடிய டீசல் பேருந்துகள் மறைந்துவிட்டன. என் சட்டைக் கழுத்து மறுபடியும் வெள்ளையாயிற்று. ஒரு மாநகரம் முயன்றால் மாற முடியும் என்பதை நான் நூலில் படித்து அறியவில்லை; சலவைக் கல்லின் மீது கண்டு அறிந்தேன்.

எனினும் அந்த நன்மையை நாமே மெல்ல மெல்லத் தின்றுவிட்டோம். பேருந்தில் போனவர் இருசக்கர வண்டி வாங்கினார். வண்டி வைத்திருந்தவர் கார் வாங்கினார். 2018-இல் தில்லியில் பதிவான ஊர்திகளின் எண்ணிக்கை ஒரு கோடியைக் கடந்திருந்தது. நானும் கடன் போட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்கினேன். அந்த ஸ்கூட்டர்தான் இக்கதையில் முதற் சான்று.

2009-இல் தென்தில்லியில் அரசு ஊழியர் குடியிருப்பு ஒன்றில் எனக்கு வீடு ஒதுக்கப்பட்டது. இரண்டு அறைகளும் சிறு முற்றமும் உடைய தரைத்தள வீடு. வாயிலுக்கு நேர் எதிரே, தெருவோரத்தில், ஒரு முதிர்ந்த வேம்பு. என் மனைவி பெட்டியை இறக்கி வைப்பதற்கு முன்பே அதைக் கண்டு, "நம் ஊர் மரம்" என்றாள். அப்போது எங்கள் மகளுக்கு ஐந்து வயது. வேப்பம்பூ உதிரும் சித்திரையில் அவளும் தாயும் வெள்ளைத் துணி விரித்துப் பூச் சேகரிப்பார்கள். புத்தாண்டு நாளில் வேப்பம்பூப் பச்சடிக்கு நாங்கள் யாரிடமும் கையேந்தியதில்லை. மாறாக, நம் சங்கத்துக் குடும்பங்கள் நான்கைந்துக்கு எங்கள் வீட்டிலிருந்துதான் பூ போகும். மகளோ மரத்துக்குக் கீழே தன் பொம்மைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துவாள்.

ஆனால் மழைக்காலத்தில் மரத்தடி சேறாகிவிடும். ஸ்கூட்டரை நிறுத்த இடமில்லை. தெருவில் குடியிருந்த வேறு சிலருக்கும் இதே குறை. "நீங்கள்தான் நன்றாக எழுதுவீர்களே, ஒரு மனுப் போடுங்கள்" என்றார்கள். போட்டேன். 2011-ஆம் ஆண்டு ஆகஸ்டில், பொருள், பார்வை, பத்தி எண் எல்லாம் முறையாக இட்டு, பதினான்கு குடியிருப்பாளர் கையொப்பத்துடன், நடைபாதையிலும் மரத்தடிகளிலும் சிமெண்ட் தளம் இட வேண்டும் என்று பணிந்து கேட்கும் ஒரு விண்ணப்பம். அதில் பிழை ஒன்றும் இல்லை. இலக்கணம் சரி, நடை சரி, நினைத்தால் நெஞ்சு சுடுவது அதனால்தான். மறு ஆண்டு தளம் இட்டார்கள். வேம்பின் அடிமரத்தோடு ஒட்டி, ஒரு விரற்கடை மண்ணும் தெரியாதபடி, சிமெண்ட் பூசப்பட்டது. என் ஸ்கூட்டருக்கு உலர்ந்த இடம் கிடைத்தது. தெருவார் என்னைப் பாராட்டினார்கள்.

மரத்தின் வேர் தண்ணீரை மட்டும் குடிப்பதன்று. அது மூச்சும் விடுகின்றது. மண்ணின் துகள்களுக்கு இடையே உள்ள காற்றிலிருந்துதான் அதற்கு உயிர்வளி கிடைக்க வேண்டும். உணவும் நீரும் தேடும் நுண்வேர்களுள் பெரும்பாலானவை மண்ணின் மேற்பரப்பை ஒட்டியே பரவியிருக்கின்றன. அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்ட் இட்டால் மழைநீர் உள்ளே இறங்காது, காற்றும் புகாது. மேல்வேர்கள் முதலில் சாகும். பிறகு அடித்தூர் அழுகும். வெளியே இலை பச்சையாகவே இருக்கும். நிற்கும் பிடிமானமோ உள்ளே கரைந்துகொண்டிருக்கும். இவற்றை எல்லாம் நான் பின்னாளில் கேட்டறிந்தேன். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஏப்ரலில், தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் வரையிலுள்ள சிமெண்டை அகற்ற வேண்டும் என்று ஆணையிட்டது. அந்தச் செய்தியைச் செய்தித்தாளில் நான் படித்தும் இருந்தேன்; படித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

இடையில் 2016-ஆம் ஆண்டு நவம்பர் வந்தது. தீபாவளிக்குப் பின் பல நாள்கள் நகரத்தின்மேல் சாம்பல் நிறப் போர்வை விழுந்து விலக மறுத்தது. குளிர்காலத்தில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து அசைவற்றுப் போகின்றது. அதற்கு மேலே வெப்பக்காற்று மூடியிட்டாற்போல் நின்றுவிடுகின்றது. ஊர்திப் புகை, கட்டடப் புழுதி, குப்பை எரிக்கும் புகை, அண்டை மாநில வயல்களில் நெல்தாள் எரிக்கும் புகை, பட்டாசுப் புகை யாவும் அந்த மூடியின் கீழ்ச் சிக்கிக்கொள்கின்றன. மயிரிழையில் முப்பதில் ஒரு பங்கே பருமனுள்ள நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை செல்ல வல்லவை. அந்த நவம்பரில் தில்லிப் பள்ளிகளுக்கு மூன்று நாள் விடுமுறை விட்டார்கள். பன்னிரண்டு வயது மகள் சன்னலருகே உட்கார்ந்து, எதிரே நின்ற வேம்பு மங்கலாகத் தெரிவதைப் பார்த்து, "மழைக்கு விடுமுறை விடுவார்கள் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள், காற்றுக்கும் விடுமுறை விடுவார்களா, அப்பா?" என்று கேட்டாள். எனக்கு விடை கூற இயலவில்லை.

2018-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. மாலையில் வானம் திடீரெனச் செம்மண் நிறமாகி, 'ஆந்தி' என்று இவ்வூரார் சொல்லும் புழுதிப் புயல் வீசியது. நகரெங்கும் மரங்கள் விழுந்த நாள் அது. எங்கள் வேம்பும் விழுந்தது. யாருக்கும் காயமில்லை, என் ஸ்கூட்டர் மட்டும் அதன் கிளையின் கீழ் நசுங்கியது. விதிக்கும் நகைச்சுவை உணர்வு உண்டு போலும்.

மறுநாள் மரத்தை அறுக்க வந்த தொழிலாளி, பெயர்ந்து நின்ற அடித்தூரைக் காலால் தட்டினார். உலர்ந்த ரொட்டி போல் உதிர்ந்தது. சிமெண்ட் வளையம் அடிமரத்தின் கழுத்தில் இறுகிப் பதிந்த தழும்பைச் சுட்டிக் காட்டி, "காற்று வீழ்த்தவில்லை சாகிப். இதற்கு மூச்சு முட்டிப் பல காலம் ஆயிற்று" என்றார். மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "இந்தச் சிமெண்டை யார் போட்டது?" என்று அவரைக் கேட்டாள். அவர் தோளைக் குலுக்கினார். நான் வீட்டுக்குள் போய்விட்டேன்.

அடுத்த மாதமே தில்லியில் மரங்களைப் பற்றிய பெரும் பேச்சு எழுந்தது. சரோஜினி நகர், நௌரோஜி நகர், நேதாஜி நகர் உள்ளிட்ட ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துப் புதுப்பிக்கும் திட்டத்தில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டப்படும் என்ற செய்தி வெளிவந்தது. எங்கள் குடியிருப்பு அந்த ஏழில் இல்லை. ஆயினும் மாணவர்களும் குடும்பப் பெண்களும் முதியவர்களும் சரோஜினி நகரில் கூடி மரங்களைக் கட்டித் தழுவி நின்ற படங்கள் நாள்தோறும் வந்தன. பதினான்கு வயது மகள், தானும் தோழியருடன் போக வேண்டும் என்றாள். மறுத்தேன். 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் என்னைத்தான் கட்டுப்படுத்தும், அவளை அல்ல என்பது எனக்குத் தெரியும். எனினும் பழகிய அச்சம் விதியைக் காட்டிலும் நீளமானது. "நாம் பிழைக்க வந்தவர்கள் அம்மா. இது நம் ஊரன்று, நமக்கு எதற்கு?" என்றேன்.

இந்த உரையாடலைக் கேட்டுக்கொண்டிருந்தவர் பக்கத்து வீட்டு அம்மையார். கர்வால் மலைநாட்டில், சமோலி மாவட்டத்தைச் சேர்ந்தவர். மகள் அவரைத் 'தாயிஜி' என்று அழைப்பாள். அவர் என்னைக் கடியவில்லை. தம் மாவட்டத்து ரேணி என்ற ஊரின் கதையைச் சொன்னார்.

1974 மார்ச்சு 26-ஆம் நாள், அவ்வூர் ஆண்கள் எல்லாம் நில இழப்பீடு பெறுவதற்காகச் சமோலிக்குச் சென்றிருந்த வேளையில், மரம் வெட்டும் ஆட்கள் காட்டுக்குள் நுழைந்தார்கள். ஏறக்குறைய 2,500 மரங்கள் ஏலம் விடப்பட்டிருந்தன. அவர்களை முதலில் கண்டவள் ஒரு சிறுமி. அவள் ஓடிப்போய் ஊர் மகளிர் மன்றத் தலைவி கௌரா தேவியிடம் சொன்னாள். கௌரா தேவி இருபதுக்கும் மேற்பட்ட பெண்களையும் சிறுமியரையும் திரட்டிக்கொண்டு காட்டுக்குச் சென்றார். வசவுக்கும் துப்பாக்கி மிரட்டலுக்கும் அஞ்சாமல், இரவெல்லாம் மரங்களைக் காத்து நின்றார்கள். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். 'சிப்கோ' என்று உலகம் அறிந்த இயக்கத்தின் புகழ்பெற்ற நிகழ்ச்சி அது. அதன் தொடர்ச்சியாக, 1980-இல் அன்றைய உத்தரப்பிரதேச இமயமலைப் பகுதியில் பச்சை மரங்களை வணிகத்துக்காக வெட்டுவதற்குப் பதினைந்து ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது.

கதையை முடித்த அம்மையார், "அந்தச் சிறுமி ஓடிவந்து சொல்லாமல் இருந்திருந்தால் கௌரா தேவிக்குத் தெரிந்திருக்குமா, பாயி சாகிப்? பிள்ளைகளின் கண்தான் முதலில் பார்க்கிறது. அவர்களைச் சும்மா இரு என்று சொல்லாதீர்கள்" என்றார். பிறகு, "நானும் பிழைக்க வந்தவள்தான். முப்பது வருடமாக இந்தத் தண்ணீரைக் குடிக்கிறேன்" என்று சேர்த்தார். மறுநாள் அவரே மகளைக் கைப்பிடித்து அழைத்துப் போனார். நான் தடுக்கவில்லை, உடன் போகவும் இல்லை. ஜூன் 25-ஆம் நாள் தில்லி உயர்நீதிமன்றம் மரம் வெட்டுவதை நிறுத்தி வைத்தது. திட்ட வரைபடங்கள் மறுபடி ஆராயப்படும் என்று அரசும் அறிவித்தது. எல்லா மரங்களும் பிழைத்துவிட்டன என்று சொல்ல முடியாது. ஒரு பகுதி அதற்கு முன்பே வெட்டப்பட்டுவிட்டது. ஆயினும் ஒரு கூட்டம் பிள்ளைகள் நின்றதால் ஒரு கோடரி தாமதப்பட்டது. அந்தத் தாமதத்தில் பெரியவர்கள் யோசிக்க நேர்ந்தது.

அந்த வாரம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் மகளுக்கு நற்றிணைப் பாடல் ஒன்றின் கதையைச் சொல்லியிருந்தார்கள். தலைவி சிறுமியாக விளையாடியபோது மணலில் அழுத்தி மறந்துவிட்ட புன்னை விதை முளைக்கின்றது. நெய்யும் பாலும் ஊற்றி அதை வளர்க்கிறார்கள். அதனை அவளினும் சிறந்த உடன்பிறப்பு என்று அன்னை போற்றுகிறாள். ஆகவே அந்தப் புன்னையின் நிழலில் தலைவனுடன் சிரித்துப் பேச நாணமாக இருக்கின்றது என்று அப்பாடல் கூறுகின்றது. வீட்டுக்கு வந்தவள் இதை வியந்து சொல்லிவிட்டு, "அப்படியென்றால் நம் வேம்பு எனக்கு யார், அப்பா? அதைக் கொன்றவர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

அதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை. அலமாரியில் பழைய கோப்பு ஒன்றில் அந்த விண்ணப்பத்தின் நகல் இருந்தது. நகல் வைத்துக்கொள்வது என் தொழிற்பழக்கம். எடுத்து அவள் கையில் கொடுத்தேன். படித்தாள். கடைசியில் முதல் கையொப்பம் என்னுடையது. நெடுநேரம் பேசாதிருந்தாள். அவள் அழுதிருந்தால் தாங்கியிருப்பேன்; ஏசியிருந்தாலும் தாங்கியிருப்பேன். அவள் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்து, "இதை எழுதத் தெரிந்த உங்களுக்கு இன்னொன்று எழுதத் தெரியாதா, அப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்விதான் இரண்டாம் விண்ணப்பத்தைப் பிறப்பித்தது.

ஆனால் ஓர் எழுத்தனுக்கு விவரம் வேண்டும். "மரங்கள் சாகின்றன" என்று எழுதினால் அந்த மடல் எங்கோ ஒரு கட்டில் உறங்கும். எத்தனை மரம், எந்த இடம், என்ன நிலை என்று எழுதினால் விடை சொல்லியாக வேண்டும். மகளும் அவள் தோழரும் சேர்ந்து ஏழு பேர். தமிழர், கர்வாலியர், வங்காளியர், மலையாளியர் என ஒரு சிறிய பாரதம். அந்தக் கோடை விடுமுறையில் நோட்டுப் புத்தகமும் அளவு நாடாவும் கொண்டு குடியிருப்பின் மரங்களை எண்ணினார்கள். ஒவ்வொன்றுக்கும் எண், பெயர், அடிமரத்தின் சுற்றளவு, சிமெண்ட் உண்டா, ஆணி அடித்திருக்கிறதா, கம்பி சுற்றியிருக்கிறதா என்ற குறிப்பு. வேம்பு, நாவல், அரசு, மருது, முசுக்கட்டை என்று பெயர்களைத் தமிழிலும் இந்தியிலும் எழுதிக்கொண்டார்கள். பெயர் தெரியாத வரையில் மரம் வெறும் பச்சை. பெயர் தெரிந்த பிறகு அது அயலார் ஆகிவிடுகின்றது என்பதை அந்த நாள்களில் கண்டேன். மொத்தம் 214 மரங்கள். அவற்றுள் 131-க்குக் கழுத்து வரை சிமெண்ட்.

மனுவை நான் எழுதித் தரவில்லை. எழுதக் கற்றுக் கொடுத்தேன். பொருள் ஒரே வரியில் அமைய வேண்டும். கோபம் வேண்டாம், எண்ணிக்கை போதும். 2013 ஆணையைப் பார்வையில் காட்டு. இணைப்பாகப் பட்டியலை வை. கேட்பது இன்னது என்று கடைசிப் பத்தியில் தெளிவாகச் சொல். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதே. ஆறு வாரம் விடையில்லை. 2005-ஆம் ஆண்டுத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்படி, பத்து ரூபாய்க் கட்டணத்துடன், அந்த மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன என்று கேட்கும் மடலை அம்மையார் பெயரில் அனுப்பினோம். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி; பதில் வந்தது, உரிய இடத்துக்கு அனுப்பப்பட்டது என்று. உரிய இடம் எது என்று மறுபடி கேட்டோம். கோப்பு நகரும் வழி எனக்குத் தெரியும். அது எங்கே களைத்து உட்காரும் என்பதும் தெரியும். ஐந்தாம் மாதத்தில் கடப்பாரையுடன் நான்கு தொழிலாளர் வந்தார்கள்.

எல்லாம் நிறைவேறிவிடவில்லை. 131-இல் 88 மரங்களைச் சுற்றித்தான் தளம் உடைக்கப்பட்டது. அவற்றிலும் சில, வண்டி நிறுத்தும் வசதிக்காக மறுபடி மூடப்பட்டன. அப்படி மூடியவர்களை நான் வெறுக்க முடியாது. அவர்கள் என் பழைய உருவம். பிள்ளைகள் நட்ட இருபது கன்றுகளில் ஏழுதான் முதல் கோடையைத் தாண்டின. நடுவது ஒரு நாள் விழா. தண்ணீர் ஊற்றுவது மூன்றாண்டுத் தவம். தில்லியில் ஒரு மரத்தை வெட்டினால் பத்துக் கன்று நட வேண்டும் என்ற ஏற்பாடு உண்டு. மரங்களைப் பெயர்த்து வேறிடத்தில் நடும் முறையும் பின்னர் வந்தது. ஆனால் அவ்வாறு பெயர்த்து நட்டவற்றுள் மூன்றில் ஒரு பங்கே பிழைத்தது என்று தில்லி அரசே 2022-இல் உயர்நீதிமன்றத்தில் தெரிவித்தது. வேரோடு பெயர்ந்து வேற்றிடத்தில் ஊன்றுவது எத்துணை அரியது என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஊன்றிய நாம், ஊன்றிய மண்ணுக்குக் கடன்பட்டவர்கள் அல்லவா?

இன்னொரு காட்சியையும் சொல்ல வேண்டும். அடுத்த குளிர்காலத்தில் பிள்ளைகளை வசந்த் விகார் அருகேயுள்ள ஆரவல்லிப் பல்லுயிர்ப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றேன். முன்பு கல்லும் மணலும் தோண்டிச் சீரழிந்த நிலம் அது. அங்கே நான் கண்ட முதல் மரம் என் பழைய பகையாளி, எங்கள் ஊர்க் கண்மாயை நிறைத்த சீமைக் கருவேலம். இங்கே அதற்கு 'விலாயதி கீக்கர்' என்று பெயர். இராமநாதபுரத்தையும் ஆரவல்லியையும் ஒரே முள் இணைக்கின்றது! பேராசிரியர் சி. ஆர். பாபு வழிகாட்டிய அறிஞர்கள் அதனை ஒரேயடியாக வெட்டி எறியவில்லை. வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். அதில் கூடு கட்டிய பறவைகளும் வீடிழக்கும். ஆகவே அதன் மேற்கிளைகளைக் கழித்து வெயிலை உள்ளே விட்டு, கீழே இம்மண்ணுக்குரிய மரக்கன்றுகளை வளர்த்தார்கள். அவை உயர்ந்து நிழல் பரப்பியதும், வெயிலை விரும்பும் சீமைக் கருவேலம் தானே தளர்ந்து ஒடுங்குகின்றது. தீயதை விரட்ட நல்லதை வளர்ப்பதே வழி என்று நம் முன்னோர் சொன்னதை அங்கே மரங்கள் செய்து காட்டின.

நம் இளைஞர் என்ன செய்யலாம் என்று சங்கக் கூட்டங்களில் கேட்கிறார்கள். பேச்சுப் போட்டியில் பாரி முல்லைக்குத் தேர் ஈந்ததைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார்கள். நன்று. பாரியிடம் தேர் இருந்தது. நம் பிள்ளைகளிடம் ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு வாளித் தண்ணீரும் இருக்கின்றன. தன் தெருவின் மரங்களுக்குப் பெயர் சொல்லத் தெரியட்டும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு மீட்டர் மண் மூச்சு விடுகிறதா என்று பார்க்கட்டும். உதிர்ந்த சருகைக் கொளுத்தாமல் குழியில் இட்டு உரமாக்கட்டும். சருகு எரிப்பதற்குத் தில்லியில் 2015-இலேயே ஐயாயிரம் ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது என்பதை வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவூட்டட்டும். பக்கத்துக் கடைக்கு வண்டி எடுக்கும் தந்தையை நடக்கச் சொல்லட்டும். பட்டாசின் நச்சுப் புகைக்கு எதிராக, இரண்டு வயதும் நிரம்பாத மூன்று குழந்தைகளின் பெயரால்தான் 2015-இல் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. பேசத் தெரியாத குழந்தைகளின் பெயரே அத்தனை தூரம் செல்லுமானால், எழுதத் தெரிந்த பிள்ளைகளின் சொல் எவ்வளவு தூரம் செல்லும்!

இவற்றை எல்லாம் யாரோ இட்ட புதுக் கட்டளை என்று எண்ண வேண்டாம். 1976-ஆம் ஆண்டு நாற்பத்திரண்டாம் திருத்தத்தின் வழியாக நம் அரசியலமைப்பு, காட்டையும் ஏரியையும் ஆற்றையும் பேணுவது குடிமக்கள் ஒவ்வொருவரின் கடமை என்று கூறுகின்றது. அந்தக் கடமை பிறந்த ஊரில் மட்டும் உண்டு, பிழைக்கும் ஊரில் இல்லை என்று அதில் எழுதியிருக்கவில்லை. "இது நம் ஊரன்று" என்று சொல்லிச் சொல்லியே நாம் இரண்டு ஊர்களையும் கைவிட்டோம். ஊரில் கண்மாய் தூர்ந்தது, நாம் அங்கே இல்லாததால். இங்கே வேம்பு விழுந்தது, நாம் இங்கே இருந்தும் இல்லாததால்.

இன்று மகளுக்கு இருபத்தொரு வயது. கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டாள். அன்று சாய்ந்த வேம்பின் அடித்தூரை அகற்றிய குழியில், அவ்வாண்டு ஆடி மழைக்குப் பிறகு, உதிர்ந்த பழம் ஒன்றிலிருந்து ஒரு வேப்பங்கன்று தானே முளைத்தது. அதைச் சுற்றி ஏழு பிள்ளைகளும் செங்கல் வேலி கட்டினார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் தெருவே அடைந்து கிடந்த நாள்களிலும், கதவைத் திறந்து நாலடி நடந்து அதற்கு நீர் ஊற்றுவது தவறவில்லை. இப்போது அது என் வீட்டுக் கூரையைத் தாண்டிவிட்டது. சென்ற ஆண்டு முதன்முறையாகப் பூத்தது. வெள்ளைத் துணி விரித்து மனைவி எடுத்த பூ ஒரு கைப்பிடிதான். பச்சடிக்குப் போதுமானதாக இருந்தது. பக்கத்து வீட்டு அம்மையாருக்கு ஒரு கிண்ணம் போயிற்று. கசப்பும் இனிப்பும் சேர்ந்த அந்தச் சுவையை அவர் முகம் சுளித்து உண்டு, பிறகு சிரித்தார்.

ஓய்வு பெறும் நாளில் இந்த வீட்டை நான் ஒப்படைத்தாக வேண்டும். சாவியுடன் சேர்த்து ஒப்படைக்க வேண்டிய பொருள்களின் பட்டியல் ஒன்று உண்டு: மின்விசிறி இத்தனை, குழாய் இத்தனை, சன்னல் கதவு இத்தனை என்று. அந்தப் பட்டியலில் வேம்புக்கு இடமில்லை. எனினும் கடைசி வரியாக அதனையும் என் கையால் எழுதிக் கையொப்பமிட்டுவிட்டுப் போக எண்ணியிருக்கின்றேன். அடுத்துக் குடிவருபவர் எம்மொழியினராயினும், வேறொன்றும் வேண்டாம். அதன் அடியில் சிமெண்ட் இடாதிருந்தால் போதும்.